பாலாற்றங்கரையில் காவிரி

வேலூருக்கும் காட்பாடிக்கும் நடுவே பாலாற்றுப் பாலத்தில் நின்று பார்த்தபோது, முதலில் என்னை மலைக்க வைத்தது ஆற்றின் அகலம்தான். எங்கள் குமரி மாவட்டத்துப் பழையாறு இதன் ஓர் ஓரத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் பழையாற்றில் தண்ணீர் ஓடும். இங்கே கரைக்குக் கரை மணலும் புதரும். நடுவில் ஒரு கோடாகச் சாக்கடை நீர். கர்நாடகத்தின் நந்தி மலையில் பிறந்து, ஆந்திரத்தைக் கடந்து, தமிழ்நாட்டில் மட்டும் 222 கிலோமீட்டர் பயணம் செய்யும் ஆறு இது. அது எப்போதும் மேலே ஓடிக்கொண்டிருந்த ஆறு அல்ல. அதன் செல்வம் மணலுக்கு அடியில் இருந்தது. கரையோர மக்கள் மணலில் ஊற்றுத் தோண்டிக் குடித்தார்கள், ஊற்றுக்கால் வெட்டி நெல்லும் கரும்பும் விளைவித்தார்கள்.

விடுதியில் குழாயைத் திறந்து முகம் கழுவிக்கொண்டே, இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பணியாளரிடம் கேட்டேன். "காவேரி சார். மேட்டூர்ல இருந்து வருது" என்றார், பக்கத்துத் தெருவைச் சொல்வதுபோல.

எனக்கு அது சாதாரணச் செய்தியாக இல்லை. மேட்டூருக்கும் வேலூருக்கும் நேர்கோட்டில் அளந்தாலே ஏறக்குறைய 190 கிலோமீட்டர். இடையில் மேடும் மலையும் உண்டு. வழியில் இருக்கும் திருப்பத்தூர் மேட்டூர் அணையின் நீர்மட்டத்தைவிட நூறு மீட்டருக்கும் அதிக உயரத்தில் இருக்கிறது. ஆயினும் காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அந்த நீரைக் குழாய்களில் ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றி, தோல் தொழில் செய்யும் இந்த ஊர்களுக்குக் கொண்டுவருகிறது. ஓர் ஆற்றின் கரையில் வாழ்கிறவர்கள் இன்னோர் ஆற்றின் நீரைக் குடிக்கிறார்கள். இதைச் செய்து முடித்த பொறியாளர்களின் திறமையை வியக்காமல் இருக்க முடியாது. அதற்குப் பின்னால் ஓயாமல் ஓடும் மின்சாரத்தையும் நினைக்காமல் இருக்க முடியாது.

கணக்கு எளிது. ஆயிரம் லிட்டர் தண்ணீரை 100 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற, எதுவும் வீணாகாவிட்டால், கால் யூனிட்டுக்குச் சற்று அதிகமான மின்சாரம் போதும். ஆனால் எந்த மோட்டாரும் முழுத் திறனில் ஓடுவதில்லை. குழாய்க்குள் நீர் உராய்ந்து வரும் இழப்பையும் சேர்த்தால் அரை யூனிட் ஆகிவிடும். ஒரு லட்சம் பேருக்கு நாளொன்றுக்குத் தலா 100 லிட்டர் என்று வையுங்கள். ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் தினம் 5,000 யூனிட். பாலாற்று மணலில் பத்தடியில் கிடைத்த தண்ணீருக்கு இதில் ஒரு சிறு பங்குகூடத் தேவைப்பட்டிருக்காது. அரசு அலுவலகங்களில் மின்சாரத்தைச் சேமிப்பது பற்றி எவ்வளவோ பேசுகிறோம். குண்டு பல்பைக் கழற்றி எல்.இ.டி. மாட்டுகிறோம், ஐந்து நட்சத்திர ஏ.சி. வாங்குகிறோம். நல்லதுதான். ஆனால் நம் உள்ளாட்சிகளின் மின்கட்டணத்தில் பெரும் பங்கைத் தின்பவை தண்ணீர் மோட்டார்களும் தெருவிளக்குகளும். மின்சாரச் சிக்கனம் எங்கே தொடங்குகிறது என்று பார்க்க விரும்புகிறவர் ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரை ஒரு முறை போய்வர வேண்டும்.

நான் போனேன். தேசிய நெடுஞ்சாலையில் பள்ளிகொண்டாவைத் தாண்டி ஆம்பூர் நெருங்கும்போது காற்றில் சுண்ணாம்பும் பச்சைத் தோலும் கலந்த வாடை வரும். காலை வேளையில் ஷூ கம்பெனி பஸ்கள் வரிசையாக ஊருக்குள் நுழைகின்றன. உள்ளே முழுக்கப் பெண்கள், மடியில் சாப்பாட்டுப் பை. உலகத்தின் பெரிய கடைகளில் விற்கும் செருப்பும் காலணியும் இவர்கள் கையால் உருவாகின்றன. இந்த வேலை இல்லாவிட்டால் இந்த வட்டாரம் வெறிச்சோடிப் போகும். அதனால் தொழிலை வெறுத்து இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

ஒரு காலத்தில் இங்கே ஆவாரம்பட்டையைக் கொண்டு தோல் பதனிட்டார்கள். அரைகுறையாகப் பதனிட்ட தோல் கப்பலேறிப் போய், அதன் லாபத்தை வெளிநாடு பார்த்தது. 1970களின் தொடக்கத்தில் சீதாராமையா குழுவின் பரிந்துரைப்படி மத்திய அரசு அந்த ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுமையாக்கிய தோலை ஏற்றுமதி செய்ய ஊக்கம் கொடுத்தது. வேலைவாய்ப்புக்கு அது நல்ல முடிவு. அதோடு குரோமியம் வந்தது. பட்டையில் வாரக்கணக்கில் ஊறிய தோல் குரோமில் ஓரிரு நாளில் நீலமாகிவிடும்; அதை இங்கே எல்லோரும் 'வெட் புளூ' என்கிறார்கள். தொழில் பெருகியபோது கழிவுநீரை எங்கே விடுவது என்பதை அரசும் யோசிக்கவில்லை, முதலாளிகளும் யோசிக்கவில்லை. ராணிப்பேட்டையில் அரசின் பங்கோடு தொடங்கப்பட்ட ஒரு குரோமேட் ஆலை 1990களில் மூடப்பட்டபோது, லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவு அதன் வளாகத்திலேயே குவிந்து கிடந்தது. ஆகவே இந்த மண்ணின் துயரத்தில் அரசு வேடிக்கை பார்த்த தரப்பு மட்டும் அல்ல.

வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு வழங்கிய தீர்ப்பை இந்தியாவில் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் ஒவ்வொரு மாணவரும் படிக்கிறார். மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும், கேடு வருமுன் தடுக்க வேண்டும் என்ற இரண்டு நெறிகளும் இந்த நாட்டின் சட்டத்தின் பகுதிகள் என்று அறிவித்த தீர்ப்பு அது. தோல் பட்டறைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு ஆகாமல் போய்விட்டது என்று அதில் பதிவாகியிருக்கிறது. ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்க 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்றும் இருக்கிறது. நாடு முழுவதற்கும் சட்டமாக அமைந்த ஒரு தீர்ப்பின் தலைப்பில் நம் வேலூரின் பெயர் இருப்பதை இந்த ஊர்க்காரர்கள் பலர் அறியவே இல்லை. பள்ளிக்கூடங்களில் சொல்லிக்கொடுக்க வேண்டிய செய்தி இது.

அந்தப் போராட்டத்தின் பயனாக வலுப்பெற்ற பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றைப் பார்க்க அனுமதி கிடைத்தது. பல டேனரிகளின் கழிவுநீர் குழாய் வழியாக அங்கே வந்து ஒன்றுசேர்கிறது. முதல் தொட்டியில் கன்னங்கரேலென்று நுரைத்துக் கிடக்கிறது. மூக்கைப் பொத்தாமல் நிற்க முடியாது. அடுத்த தொட்டிகளில் பெரிய ஊதிகள் இரவு பகலாகக் காற்றைச் செலுத்துகின்றன. அந்தக் காற்றைச் சுவாசித்து நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்கின்றன. பிறகு வண்டல் படிகிறது, நீர் வடிகட்டப்படுகிறது, கடைசியில் ஆர்.ஓ. சவ்வுகளுக்குள் கடும் அழுத்தத்தில் நுழைகிறது. மறுபுறம் வரும் தண்ணீரை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்துக் காட்டினார்கள். தெளிந்த நீர். அது மறுபடி டேனரிகளுக்கே போகிறது. சில நூறு அடி தூரத்துக்குள் நடந்த இந்த மாற்றத்தைப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது.

மிச்சம் நிற்கும் உப்புக் கரைசலை நீராவியால் காய்ச்சி வற்றவைக்கிறார்கள். சொட்டு நீரும் வெளியே போகக் கூடாது என்பது விதி. கொட்டகையில் அழுக்கு வெள்ளையாக உப்பு மூட்டைகள் அடுக்கிக் கிடந்தன. "கடைசியா இதுதான் சார் நிக்குது. இதுக்குப் போக எடமில்ல" என்றார் அங்கே பல வருடமாக வேலை பார்க்கும் மேற்பார்வையாளர். மின்சாரம் தின்னும் இடங்கள் எவை என்று கேட்டேன். ஊதிகளையும் ஆர்.ஓ. பம்புகளையும் காட்டினார், பிறகு ஆவியாக்கியையும் அதற்கு நீராவி தரும் பாய்லரையும் காட்டினார். 

அந்த உப்பு எங்கிருந்து வந்தது? தோல் கெடாமல் இருக்க அதன்மேல் தூவிய உப்பு. ஊறப்போடும் முன்பே அதை உதறி எடுத்துவிட்டால் அவ்வளவு உப்பும் தண்ணீரில் கரையாது. கரையாததைக் காய்ச்சிப் பிரிக்க வேண்டியதும் இல்லை. சென்னை அடையாற்றில் 1948இல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் பல ஆண்டுகளாக இந்தத் திசையில்தான் உழைக்கிறது: உப்பைக் குறைத்துத் தோலைப் பாதுகாக்கும் வழிகள், தண்ணீர் சேர்க்காமலே குரோம் ஏற்றும் முறை. அரசின் ஆய்வகம் ஒன்று நம் வரிப்பணத்துக்குச் செய்திருக்கும் மிகச் சிறந்த கைம்மாறு இது என்று நான் நினைக்கிறேன். தொட்டியில் சேர்ந்தபின் ஒரு கிலோ உப்பைப் பிரிப்பதற்கு ஆகும் நெருப்பும் மின்சாரமும், தோல்மேல் இருக்கும்போதே உதறுவதற்கு ஆகாது.

இந்த நிலையங்களைப் பற்றிச் சொல்லும்போது 2015 ஜனவரி 31ஐ விட்டுவிடக் கூடாது. ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இரவில் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் அந்தச் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

ஆம்பூரிலிருந்து திரும்பி, வேலூருக்குத் தெற்கே கணியம்பாடிப் பக்கம் போனேன். ஜவ்வாது மலைச்சாரலில் இருந்து வரும் நாகநதியைப் பார்ப்பதற்காக. என் பயணத்தின் பெரிய வியப்பு அங்கேதான் காத்திருந்தது.

பதினைந்து ஆண்டுகளாகச் செத்துக் கிடந்த நதி அது. 2014இல் மீட்பு வேலை தொடங்கியது. வாழும் கலை அமைப்பைச் சேர்ந்த சந்திரசேகரன் குப்பன் வழிகாட்ட, நூறு நாள் வேலைத் திட்டத்தின் கூலியில் அந்த வட்டாரப் பெண்கள் கடப்பாரையும் மண்வெட்டியுமாக இறங்கினார்கள். ஏறத்தாழ இருபதாயிரம் பெண்கள். மலைச்சரிவின் ஓடைகளில் கல்லடுக்கி வெள்ளத்தின் வேகத்தைத் தணித்தார்கள். கீழே ஆற்றுப் படுகையில் குழி தோண்டி, சிமெண்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, ஆயிரக்கணக்கில் உறைகிணறுகள் அமைத்தார்கள். தண்ணீர் எடுப்பதற்கான கிணறுகள் அல்ல அவை. மழைநீரை மண்ணுக்குள் அனுப்புவதற்கானவை. எங்கே தோண்டினால் நீர் கீழே இறங்கும் என்பதைச் செயற்கைக்கோள் படங்களை வைத்துத் தேர்ந்தெடுத்தார்கள். 2021 செப்டம்பரில் பிரதமரின் வானொலி உரையிலும் இந்த நதி இடம்பெற்றது.

ஒரு கிராமத்தில் களை எடுத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். அவரும் அந்த வேலைக்குப் போனவர். "முன்னெல்லாம் மோட்டார் போட்டா காத்துதான் சார் வரும். இப்ப கெணத்துல எட்டிப் பார்த்தாலே தண்ணி தெரியுது" என்றார். பிறகு, "நாங்க தோண்டுன குழியில வந்த தண்ணி" என்று அழுத்திச் சொல்லிவிட்டுக் குனிந்து வேலையைத் தொடர்ந்தார்.

அவர் சொன்னதில் மின்கணக்கும் அடங்கியிருக்கிறது. நிலத்தடி நீர் 80 மீட்டர் ஆழத்திலிருந்து 20 மீட்டருக்கு ஏறி வந்தால், அதே தண்ணீரை வெளியே எடுக்க மின்சாரம் நாலில் ஒன்றாகக் குறையும். விவசாய மோட்டார்களுக்குத் தமிழ்நாட்டில் கட்டணம் கிடையாது. அந்தச் செலவை அரசு ஏற்கிறது. ஊராட்சியின் குடிநீர் மோட்டாருக்கும் அரசுப் பணம்தான். ஆகவே கடப்பாரை பிடித்த அந்தக் கைகள் மாநிலத்தின் கருவூலத்துக்கும் மிச்சம் பிடித்துக் கொடுத்திருக்கின்றன. எந்த அலுவலகத்தின் எரிசக்திச் சிக்கனப் பட்டியலிலும் அவர்கள் பெயர் இல்லை. இது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

வேலூர் நகரத்தின் குப்பை விஷயத்திலும், உள்ளூரிலேயே தீர்வு தேடும் இதே வழி தென்பட்டது. வீட்டுக் குப்பையை லாரியில் ஏற்றி ஊருக்கு வெளியே கொட்டாமல், அந்தந்த வார்டுக்குப் பக்கத்திலேயே தரம் பிரித்து உரமாக்கும் கொட்டகைகளை மாநகராட்சி வைத்திருக்கிறது. டீசலும் மிச்சம், மலைபோல் குவியும் குப்பைக் கிடங்கும் மிச்சம்.

கடைசியாக வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாகக் காவலூருக்கு மலையேறினேன். வைணு பாப்பு வானாய்வகம் அங்கே இருக்கிறது. 1977இல் யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பதைக் கண்டறிந்த ஆய்வில் இந்த மலைக்கும் பங்கு உண்டு. 1986இல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கியின் கண்ணாடியை இந்தியாவிலேயே தேய்த்து உருவாக்கினார்கள். அந்த வளாகத்தில் இருட்டைச் சொத்தாகக் காக்கிறார்கள். வானம் அப்படி நிறைந்திருந்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஆனால் அடிவானத்தில், கீழேயுள்ள ஊர்களின் திசையில், மங்கலான வெளிச்சம் எழும்பி நின்றது. மேல்நோக்கிப் போகும் அந்த வெளிச்சத்தால் ஒருவருக்கும் பாதை தெரியாது. மூடி போட்டுக் கீழ்நோக்கித் திருப்பிய விளக்குக்கு அந்த அளவு மின்சாரம் வேண்டியதில்லை. தெருவிளக்குகளை மாற்றும் ஒவ்வொரு நகராட்சியும் இந்த மலைக்கு வந்து ஓர் இரவு நின்று பார்த்துவிட்டு டெண்டர் விட வேண்டும் என்பது என் ஆசை.

2025 ஜனவரி 30 அன்று பாலாற்று வழக்கு மறுபடி உச்ச நீதிமன்றத்தில் பேசப்பட்டது. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இழப்பீட்டைக் கொடுத்து முடிக்கவும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையில் குழு அமைத்து ஆற்றைச் சீர்படுத்தவும் நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு உத்தரவிட்டிருக்கிறது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே இருபத்தெட்டு ஆண்டுகள். ஆற்றைச் சீர்படுத்துவதை நாம் இன்னும் செலவுக் கணக்கிலேயே எழுதிவருகிறோம். பாலாற்றின் மணலும் ஊற்றும் மீண்டால் மேட்டூரிலிருந்து ஓடும் பம்புகளின் பாரம் அதற்கேற்பக் குறையும். அதை வரவுக் கணக்கில் எழுத வேண்டும்.

உங்கள் ஊரில் அடுத்த கிராம சபை கூடும்போது, அல்லது வார்டு உறுப்பினரைப் பார்க்கும்போது, இரண்டே கேள்விகள் கேளுங்கள்: நம் குழாய்த் தண்ணீர் எவ்வளவு தூரத்திலிருந்து, எவ்வளவு ஆழத்திலிருந்து வருகிறது? ஆயிரம் லிட்டருக்கு எத்தனை யூனிட் ஆகிறது? விடையை ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.