உரிய ஆணி எது?

பழம்பொருள் ஒன்று கைக்கு வந்தால் மக்கள் அதனிடத்து நடந்துகொள்ளும் முறை பெரும்பாலும் இரண்டே. ஒரு சாரார், பழையது என்ற ஒரே காரணத்தால் அதனைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வர். மற்றொரு சாரார், பழையது என்ற அதே காரணத்தால் அதனை எடைக்குப் போட்டுவிடுவர். இவ்விரு சாராரும் பகைவர்போலத் தோன்றினும் ஒரு வகையில் உடன்பிறந்தோரே. இருவரும் பொருளைக் கையிலெடுத்து அளந்து பார்ப்பதில்லை. அளந்து பார்ப்பது என்னும் மூன்றாம் வழி ஒன்று உண்டு. அஃது உழைப்பு மிக்கது, எவரும் மெச்சாதது, எனினும் உண்மை அறிய வேறு வழியில்லை. இதனை நாம் ஏடுகளில் கற்றதினும் ஒரு பழைய மோட்டார் வண்டியின் போல்ட்டுகளிடம் கற்றதே மிகுதி. "போல்ட்டிலே என்ன ஐயா இலக்கியம்?" என்று நகைக்கும் அன்பர்கள் சற்றே பொறுத்தருள்க.

ஈப்போ நகரில் நாமும் நண்பர் இருவரும் கூடி மோரிஸ் மைனர் 1000 வண்டி ஒன்றைப் புதுப்பித்து வருகிறோம். சுங்கை சிப்புட் பக்கத்தில், ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டமாயிருந்து இன்று செம்பனைத் தோட்டமாய் மாறிவிட்ட இடத்தில், ஒரு தகரக் கொட்டகையின் கீழ் அது கிடந்தது. அத்தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசராயிருந்த ஒருவரின் வண்டி அது. அலெக் இஸிகோனிஸ் என்பார் வகுத்த மோரிஸ் மைனர், 1948 அக்டோபரில் லண்டன் கண்காட்சியில் முதன்முதல் வெளிவந்தது. பிரிட்டனில் செய்த கார்களுள் பத்து லட்சம் என்ற எண்ணிக்கையை முதலில் எட்டியது இதுவே. 1971 வரை உற்பத்தியாயிற்று. 1956-இல் 948 சி.சி. எஞ்சினோடு வந்த உருவத்துக்குத்தான் மைனர் 1000 என்று பெயர். துரைமார் பெரிய வண்டிகளில் செல்ல, பள்ளி ஆசிரியரும் கிராணியும் டிரெசரும் வயிற்றைக் கட்டி வாங்கிய வண்டிகளுள் இதுவும் ஒன்று.

இத்தகைய வண்டிகளுக்கு இன்று விலை ஏறியிருக்கிறது. அதனோடு "ஒரிஜினல்" என்ற சொல்லுக்கும் விலை ஏறியிருக்கிறது. விற்பவர் எல்லாரும் அச்சொல்லைச் சொல்லுகின்றனர். எஞ்சினின் உடலில் எண் பொறித்திருப்பதால் அதனைப் பற்றிப் பொய் சொல்வது கடினம். போல்ட்டுக்கோ எண் இல்லை. எந்தப் பட்டறையில் எந்தப் பையன் எதைக் கழற்றி எதை மாட்டினான் என்பதை யார் எழுதி வைத்தார்? ஆதலால் வண்டியின் உண்மை வரலாற்றை அறிய விரும்புவோன் போல்ட்டுகளையே சாட்சிக் கூண்டில் ஏற்ற வேண்டியிருக்கிறது.

அச்சாட்சியம் அதன் மரையில் இருக்கிறது. 1841-இல் ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், பட்டறைக்கொரு மரையாய்க் கிடந்த நிலையை மாற்றி, 55 பாகைக் கோணம் கொண்ட ஒரே அளவு மரையை முன்மொழிந்தார். 1908-இல் அதே கோணத்தில் நெருக்கமான மரை ஒன்றும் பிரிட்டனில் வகுக்கப்பட்டது. அமெரிக்கரோ 60 பாகையைக் கைக்கொண்டிருந்தனர். இரண்டாம் உலகப் போரில் ஒரே அணியில் நின்று போர் செய்த இவ்விரு நாட்டாரின் இயந்திரங்களில், ஒருவர் ஆணி மற்றவர் நட்டில் ஏறாத அவலம் நேர்ந்தது. அதன் விளைவாக 1948 நவம்பர் 18-இல் வாஷிங்டன் நகரில் அமெரிக்கா, பிரிட்டன், கானடா ஆகிய மூன்று நாடுகளும் 60 பாகை கொண்ட ஒன்றுபட்ட மரைக்கு உடன்பட்டன. மைனர் 1000 வண்டியின் எஞ்சின் இப்புதிய மரையைத் தழுவியது.

கண்ணால் பார்த்தால் இவையெல்லாம் ஒன்றே. 5/16 அங்குலப் போல்ட்டை எடுத்துக்கொள்வோம். விட்வொர்த் ஆனால் ஓர் அங்குல நீளத்தில் 18 மரை. நெருக்கமான பிரிட்டிஷ் மரையானால் 22. ஒன்றுபட்ட நெருக்க மரையானால் 24. கால் அங்குல அளவிலோ வஞ்சகம் இன்னும் நுட்பமானது. அங்கே விட்வொர்த்துக்கும் 20, ஒன்றுபட்ட அகல மரைக்கும் 20. ஒன்று மற்றொன்றில் தடையின்றி ஏறும், இறுகியதுபோலவும் தோன்றும். ஆனால் கோணம் வேறாதலால் பல்லோடு பல் முழுதும் பொருந்தாது. ஓரங்கள் மட்டுமே உரசிக்கொண்டு பாரத்தைத் தாங்கும். பொருந்தாத இருவரைக் கட்டி வைத்துவிட்டு, "சண்டை இல்லை, ஆகவே இல்லறம் இனிது" என்று சொல்வதுபோன்றது இது.

அப்படியாயின் ஆங்கில வண்டியில் ஆங்கில மரையே உரியது என்று பொதுவிதி வகுத்துக்கொள்ளலாமோ? அதுவும் ஆகாது. பிரெஞ்சு நாட்டு ஹாட்ச்கிஸ் நிறுவனம் முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் இயந்திரத் துப்பாக்கித் தொழிற்சாலை ஒன்றை அமைத்தது. அத்தொழிற்சாலையை 1923-இல் மோரிஸ் வாங்கினார். அங்கிருந்த இயந்திரங்கள் மில்லிமீட்டர்க் கணக்கில் மரை வெட்டுபவை. ஆங்கிலத் தொழிலாளரின் கையிலிருந்த ஸ்பானர்களோ விட்வொர்த் அளவின. ஆகவே மரை மில்லிமீட்டரிலும் தலை விட்வொர்த் அளவிலும் அமைந்த ஒரு விந்தைப் போல்ட்டு பிறந்தது. 1945 முதல் 1949 வரை வெளிவந்த எம்.ஜி. டி.சி. வண்டியின் எஞ்சினில் அதனை இன்றும் காணலாம். 8 மில்லிமீட்டர் குறுக்களவும் 1 மில்லிமீட்டர் இடைவெளியும் கொண்ட அந்த மரையில் 5/16 அங்குல நட்டை வைத்துத் திருப்பினால் இரண்டு மூன்று சுற்று ஏறும், பிறகு இறுகும், வலிந்து திருப்பினால் மரை போய்விடும். "ஆங்கில வண்டிக்கு மில்லிமீட்டர் ஆணியா? யாரோ மடையன் மாட்டியிருக்கிறான்" என்று அதனைக் கழற்றி எறிபவனே அங்கு மடையனாகிறான். ஒரு குடும்பத்து வழக்கத்தைக் கொண்டு மறு குடும்பத்தை அளக்கலாகாது.

ஆதலின் ஒவ்வோர் ஆணியையும் தனித்தனியே ஆராய்தல் வேண்டும். நாம் கைக்கொண்ட முறை இது: கழற்றிய ஆணியை முதலில் கம்பித் தூரிகையால் தேய்ப்பதில்லை, தேய்த்தால் அழுக்கோடு அடையாளமும் போய்விடும். மண்ணெண்ணெயில் ஓரிரவு ஊறவைத்துத் துணியால் துடைக்கிறோம். ஓர் அட்டையில் எஞ்சினின் உருவை வரைந்து, எந்த ஆணி எந்தத் துளையிலிருந்து வந்ததோ அந்த இடத்தில் அதனைக் குத்தி வைக்கிறோம். பிறகு குறுக்களவு, நீளம், மரை அளவுகோலின் பற்கள் பொருந்தும் விதம், தலையின் அகலம் ஆகிய நான்கையும் குறிக்கிறோம். இறுதியாகத் தலையைப் படிக்கிறோம். ஆம், போல்ட்டின் தலை படிக்கத் தக்க ஏடு! மேலே வட்டமான குழிவோ, பக்கத்தில் ஒன்றையொன்று தொட்ட சிறு வட்டங்களோ இருந்தால் அஃது ஒன்றுபட்ட மரை. ஜி.கே.என். போன்ற எழுத்துகள் செய்தவர் பெயர். தனித்து நிற்கும் எழுத்து எஃகின் வலிமை: ஆர் என்றால் சதுர அங்குலத்துக்கு 45 டன் இழுவை, எஸ் என்றால் 50 டன். 8.8 என்ற எண் இருந்தால், அது பின்னாளில் கடைவீதியிலிருந்து வந்த விருந்தாளி. நீளம் மிகுந்த ஆணியைக் குறுக்குவதற்காக மூன்று வாஷர்களை அடுக்கியிருந்தாலும் அதுவே அந்நியன் என்பதற்குச் சான்று. இவற்றையெல்லாம் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் அச்சிட்ட உதிரிப்பாகப் பட்டியலோடு ஒப்பிட்ட பின்னரே உரியது, உரியதன்று என்று எழுதுகிறோம்.

இவ்விதம் ஆராய்ந்துவருகையில் டைனமோவைத் தாங்கும் இரு போல்ட்டுகள் எம்மைத் திகைக்க வைத்தன. அவற்றின் தலையில் எழுத்தில்லை; வட்டமில்லை; எண்ணில்லை. அறுகோணத்தின் ஆறு பக்கங்களும் இம்மியளவு வேறுபட்டன. விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தபோது அரத்தின் கோடுகள் தெரிந்தன. மரை அளவுகோலை வைத்தோம்: அங்குலத்துக்கு 18, விட்வொர்த். நட்டுகளும் அவ்வாறே கையால் செய்தவை. கடையில் வாங்கியவை அல்ல என்பது உறுதி. பின் யார் செய்தார்?

தோட்டத்தில் பால் வெட்டி மூத்து, இப்போது சுங்கை சிப்புட்டில் மகனோடு வாழும் ஒரு பாட்டியிடம் அவற்றைக் காட்டினோம். கையில் வாங்கி உருட்டிப் பார்த்த பாட்டி, "எங்க அண்ணன் ராவினது, தம்பி. அவுரு ஸ்டோர்லே பிட்டரா இருந்தாரு. டைனமோ ஆடுது, விடிஞ்சா பிள்ளைத்தாச்சிய ஈப்போ பெரியாஸ்பத்திரிக்கு ஏத்திக்கிட்டுப் போகணும்னு டிரெசர் ஐயா வந்து நின்னாரு. விடியிறதுக்குள்ள ராவிக் குடுத்துட்டாரு. கர்ப்பியூ எடுத்த வருஷம் அது," என்றார்.

1948 ஜூனில் சுங்கை சிப்புட் பகுதித் தோட்டங்களில் மூன்று துரைமார் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து மலாயாவில் அறிவிக்கப்பட்ட அவசரகாலம் 1960 ஜூலை 31-இல் முடிந்தது. ஆகவே ஆணியின் வயதும் ஒருவாறு தெரிந்தது. மற்றதை ஆணியே சொல்லிற்று. ரப்பர் உருளைகளும் அவற்றை ஓட்டிய எஞ்சினும் பழைய பிரிட்டிஷ் இயந்திரங்கள். அவற்றுக்கேற்ற விட்வொர்த் மரைவெட்டிகளே ஆலைப் பெட்டியில் இருந்தன. வாஷிங்டனில் மூன்று அரசுகள் கையெழுத்திட்ட செய்தி அந்த ஆலைக்கு எட்டியிராது. டைனமோ தளர்ந்தால் பெல்ட்டு தளரும். பெல்ட்டு தளர்ந்தால் தண்ணீர்ப் பம்பு நிற்கும். எஞ்சின் கொதித்து வண்டி வழியில் நிற்கும். அவ்வளவையும் அறிந்த ஒருவர், இருப்பதைக் கொண்டு ஆணியையும் அதற்குரிய நட்டையும் ஒருங்கே செய்து பொருத்திவிட்டார்.

இதற்கு நேர்மாறான செய்தி எஞ்சினின் உட்புறத்தே கிடைத்தது. இணைப்புத் தண்டுகளைக் கிராங்க் தண்டோடு பிணைக்கும் போல்ட்டுகள் எல்லாம் பட்டியலில் உள்ளபடியே இருந்தன. மரை, நீளம், குறி யாவும் சரி. நண்பர் ஒருவர் மகிழ்ந்து, "ஒன்றுகூட மாறவில்லை!" என்றார். ஆயினும் அவற்றை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, சுண்ணப்பொடி பூசி வைத்தோம். மறுநாள் ஒன்றின் கழுத்தில் வெண்மையின்மேல் மயிரிழைபோன்ற கறுப்புக் கோடு கசிந்திருந்தது. வெடிப்பு! மற்றொன்றின் மரை, அளவுகோலின் பற்களுக்கு முழுதும் பொருந்தாமல் நீண்டிருந்தது. எஞ்சின் விரைந்து ஓடும்போது அவ்வாணி அறுந்தால் இணைப்புத் தண்டு எஞ்சினின் வயிற்றையே கிழித்துக்கொண்டு வெளிவரும்.

இனி என் செய்வது? எம்முள் வழக்கு எழுந்தது. "தொழிற்சாலையில் பிறந்த ஆணியை எடுத்துவிட்டால் வண்டியின் மதிப்புக் குறையுமே" என்றார் ஒருவர். "அரத்தால் ராவிய ஆணியை வைத்திருந்தால் கண்காட்சியில் நகைப்பார்களே" என்றார் மற்றவர். இருவர் கூற்றுக்கும் அடிப்படை ஒன்றே: ஆணி எங்கே பிறந்தது என்று கேட்டனரேயன்றி, அஃது என்ன செய்கிறது, இனியும் செய்ய வல்லதா என்று கேட்கவில்லை. பிறப்பைக் கொண்டு உயர்வு தாழ்வு கற்பிக்கும் பழக்கம் நம்மை இரும்பினிடத்தும் விடவில்லை போலும்!

நாம் மூவரும் இறுதியில் கண்ட முடிவு இது. உரியவையாயினும் உள்ளிருந்த போல்ட்டுகள் யாவும் வெளியேறின. அவ்விடத்துக்கு அதே மரையும் அதற்குக் குறையாத வலிமையும் உடைய புதியவை வந்தன. பிற்காலத்தார் அளந்து பார்ப்பதற்கென, கழற்றியவற்றை ஒரு டப்பாவில் இட்டுப் பெயரெழுதி வைத்தோம். டைனமோ ஆணிகள் இரண்டையும் அதே சுண்ணப்பொடிச் சோதனைக்கு உட்படுத்தினோம். வெடிப்பில்லை, தேய்வில்லை, ஆணிக்கும் நட்டுக்கும் பொருத்தம் பழுதில்லை. அவ்விடத்துப் பாரமும் சிறிது. ஆகவே அவை இருந்த இடத்திலேயே இருக்கின்றன. வண்டியின் குறிப்பேட்டில், "டைனமோ ஆணி இரண்டு: தொழிற்சாலை ஆணி அல்ல, தோட்டத்து ஆலைப் பிட்டர் கையால் செய்தவை, விட்வொர்த், இவற்றுக்கு வேறு ஸ்பானர் வேண்டும்" என்று எழுதிவிட்டோம். உரியதல்லாததை உரியதென்று சொல்லவுமில்லை. அதற்காக அதனை இழிவுபடுத்தவுமில்லை. வாங்க வருபவர் விலையைக் குறைப்பாராயின் குறைத்துக்கொள்ளட்டும்.

மோரிஸ் தொழிற்சாலையின் பட்டியலில் ஒவ்வோர் ஆணிக்கும் எண் உண்டு. நம் தோட்டத்துப் பிட்டருக்கு எந்தப் பட்டியலில் இடமுண்டு? 1950-களிலும் அதன் பின்னரும் தோட்டங்கள் துண்டு துண்டாய் விற்கப்பட்டன. தொழிலாளர் வீதிக்கு வரக்கூடாதென்று, சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் பங்குப் பணத்தால் சில தோட்டங்கள் காக்கப்பட்டன. ஆனால் எத்தனையோ தோட்டங்களில் லயங்கள் இடிந்தன. ஆலைகள் இரும்புக் கடைக்குப் போயின. அவற்றோடு அங்கு வேலை செய்த கைகளின் நினைவும் போயிற்று. நம்மவர் இந்நாட்டில் மரம் சீவினர், பாதை போட்டனர் என்று மேடையில் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். ஆயின் ஒரு பிட்டர் இரவெல்லாம் விழித்து, அளந்து, மரை வெட்டி, ஒரு வண்டியை ஓடச் செய்தார் என்பதைச் சொல்ல நம்மிடம் சான்று எங்கே? இரண்டு ஆணிகள் அன்றோ இருக்கின்றன!

ஆகவே அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் பழைய ஸ்பானர், மரைவெட்டி, உதிரிப்பாகப் பட்டியல், பட்டறைக் கணக்கேடு ஏதேனும் கிடக்குமாயின் எடைக்குப் போடுமுன் ஒரு முறை துடைத்துப் பாருங்கள். அதன்மேல் பொறித்த எழுத்தைப் படியுங்கள். அதனைப் பயன்படுத்திய பெரியவர் உயிரோடிருந்தால் அவர் சொல்லுவதைக் கேட்டு, பெயர், தோட்டம், ஆண்டு மூன்றையும் ஒரு தாளில் எழுதி அதனோடு கட்டி வையுங்கள். பூமாலை வேண்டா, பூசை வேண்டா. ஒரு தாளும் ஒரு பென்சிலும் போதும்.