பறங்கிக்காய்க்கு யார் வைத்த பெயர்?

மார்கழிக் கோலத்தின் நடுவே சாணி உருண்டையில் பறங்கிப் பூவைச் செருகுகிறோம். பொங்கலன்று பறங்கிக்காய் இல்லாமல் கூட்டு இல்லை. இவ்வளவு நெருங்கிப் பழகிய காய்க்கு இந்தப் பெயர் எப்படி வந்தது? குடிகாடு என்ற ஊரிலிருந்து சிதம்பரம் போகும்போது பி.முட்லூரில் பரங்கிப்பேட்டைக்குப் பிரியும் சாலையைப் பார்த்தாலே இந்தக் கேள்வி எழும். ஊராலே காய்க்குப் பெயரா, காயாலே ஊருக்குப் பெயரா?

முதலில் ஊரின் வரலாற்றைப் படித்தேன். வெள்ளாறு கடலில் சேரும் இந்தத் துறைக்குப் போர்ச்சுக்கீசியர் வைத்த பெயர் போர்ட்டோ நோவோ, அதாவது புதிய துறைமுகம். 1781 ஜூலை 1 அன்று ஹைதர் அலியும் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டும் இங்கே மோதிய போரை, வரலாற்று நூல்கள் அந்தப் பெயராலேயே குறிக்கின்றன. நம் மக்களுக்கோ அது பறங்கியர் தங்கிய பேட்டை. ஆக, ஊரும் காயும் ஒன்றுக்கொன்று பெயர் கொடுக்கவில்லை. இரண்டுக்கும் பெயர் வந்தது பறங்கியரால்.

பறங்கி யார் என்று தேடினேன். இந்திய வழக்கில் கலந்த சொற்களைத் தொகுத்து 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன் ஜாப்சன்’ அகராதி வழிகாட்டியது. ஃபிராங்க் என்பது ஐரோப்பாவின் ஒரு பழைய இனம். பிரான்ஸ் நாட்டின் பெயரே அதிலிருந்து வந்ததுதான். அரபியர் மேற்கு ஐரோப்பியர் எல்லோரையும் அந்தப் பெயரால் அழைத்தார்கள். பாரசீகத்தில் அது ஃபரங்கி. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கியபோது, அரபு வணிகர் அந்தக் கரையில் வெகுகாலமாகத் தொழில் செய்துகொண்டிருந்தார்கள். அவர்கள் வாயிலிருந்த சொல் புதிதாக வந்தவர்மேல் ஒட்டிக்கொண்டது. தமிழ் நாவில் ‘ஃப’ கரைந்து ‘ப’ ஆனது.

காய்க்கு இன்னும் நீண்ட பயணம். அதன் தாயகம் அமெரிக்கா. 1492இல் கொலம்பஸ் அங்கே போகும்வரை ஆசியாவில் யாரும் அதைச் சுவைத்ததில்லை. கப்பலேறி வந்த காயைப் பார்த்த நம்மவர், பூசணி போல இருந்தாலும் இது வேறு என்று அறிந்து, கொண்டுவந்தவர் பெயரையே வைத்தார்கள்.

அதற்குப் பிறகு போகிற இடமெல்லாம் அந்தச் சொல் கண்ணில் பட்டது. போர்ச்சுக்கீசியர் 1523இல் தேவாலயம் கட்டிய சென்னைக் குன்று பறங்கிமலை. இலங்கையில் ஐரோப்பிய வழிவந்தவர்களைத் தமிழர் பறங்கியர் என்கிறார்கள். பண்ருட்டிப் பக்கம் காடாக வளரும் முந்திரியும் பிரேசிலிலிருந்து போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்ததுதான். மலையாளிகள் அதைப் பறங்கிமாவு என்பார்கள். தாய்லாந்தில் ஃபரங் என்றால் வெள்ளைக்காரர். கொய்யாப்பழத்துக்கும் அதே பெயர். மேக நோய்க்குப் பறங்கிப் புண் என்று பெயர். அதற்குச் சித்த வைத்தியர் கொடுத்த மருந்து பறங்கிப்பட்டை. நாட்டு மருந்துக் கடையில் இன்றும் கிடைக்கும். ஊர், மலை, காய், நோய், மருந்து எல்லாவற்றுக்கும் ஒரே முத்திரை.

இந்தத் தேடலில் என்னை நெகிழவைத்தது, பெயர் வைத்தவர்களின் நேர்மை. வந்த பொருளைத் தங்களுடையது என்று அவர்கள் சொந்தம் கொண்டாடவில்லை. வந்த வழியைப் பெயரிலேயே எழுதி வைத்தார்கள். கொண்டாட்டத்தில் அதற்கு இடம் கொடுக்கவும் தயங்கவில்லை. பூர்வீகம் எது, அயல் எது என்று கோடு கிழிப்பவர்கள் பொங்கல் கூட்டைக் கவனிக்க வேண்டும். கடல் தாண்டி வந்ததைப் படையலில் வைத்தும், வந்த வழியை மறைக்காமல் சொல்லியும் வாழ்ந்த மரபு நம்முடையது. அதைக் காப்பாற்ற, பிள்ளைகளுக்கு அந்தக் காயைப் பரிமாறும்போது அதன் பெயர்க் கதையையும் சொன்னால் போதும்.