மாமியிடம் சொல்லாத ஒரு வசனம்

பிள்ளை தவழத் தொடங்கியதும் வீட்டை ஒழுங்குபண்ணிய வாப்பா என்று கல்முனையில் என் கூட்டாளிகள் என்னைப் புகழ்ந்ததுண்டு. நானும் மறுக்கவில்லை. உண்மை வேறு. ஆபத்து பிள்ளையின் கைக்கெட்டும் இடத்தில் கிடந்ததை நான் கண்டேன். கண்டும் பேசாமல் இருந்தேன். பிறகு அந்தப் பழி என் மனைவியின் தலையில் விழுந்தபோதும் பேசாமல்தான் இருந்தேன்.

எங்கள் கிழக்கிலங்கைக் கரையோரத்தில் வீடு பெண்ணுக்குரியது. கல்யாணம் முடித்தவன் மனைவி வீட்டில் போய்க் குடியிருப்பான். மகளுக்கு வீட்டைக் கொடுத்த பெற்றோர் பின்னறையிலோ அதே வளவில் இன்னொரு சிறிய வீட்டிலோ இருப்பார்கள். அக்கரைப்பற்றில் நெடுங்காலம் ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்றே, இங்குள்ள தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான இந்தத் தாய்வழிக் குடிமுறையைப் பற்றி 2008இல் ஒரு பெரிய நூலே வெளியிட்டார். இந்த ஏற்பாட்டில் மருமகனுக்கு மரியாதை கூட. மீன் ஆணத்தில் பெரிய துண்டு அவனுக்கு; நல்ல கதிரை அவனுக்கு. பதிலுக்கு அவனும் ஓர் எல்லைக்குள் நிற்பான். மாமியின் சாமானை இங்கே வை, அங்கே வை என்று சொல்லமாட்டான்.

ஆகவே நான் கடைக்குப் போனேன். மேசை மூலைகளுக்கு ரப்பர் ஒட்டினேன். குசினி வாசலுக்குப் பலகைத் தடுப்பு அடித்தேன். மண்ணெண்ணெய்ப் போத்தலைப் பரணில் ஏற்றினேன். பிளக் ஓட்டைகளுக்கெல்லாம் பிளாஸ்டிக் மூடி வாங்கிச் செருகினேன். அந்த மூடிகள் தேவையே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. சதுர ஊசி பிளக்கின் சொக்கட்டுக்குள்ளேயே ஒரு மறைப்பு உண்டு. பெரும்பாலும் மேலேயுள்ள நீளமான ஊசி நுழைந்தால்தான் அது திறக்கும். சரியாகப் பொருந்தாத மூடி அந்தக் காப்பையே கெடுத்துவிடலாம் என்பதால், 2016இல் இங்கிலாந்தின் சுகாதாரத் திணைக்களம் இவற்றைப் பயன்படுத்த வேண்டாமென்று அறிவித்தது. நான் வேலை செய்த இடமெல்லாம் யாரிடமும் வாய்திறந்து ஒன்றும் கேட்கத் தேவையில்லாத இடங்கள்.

மாமிக்குச் சீனி வருத்தமும் பிரஸரும். மாதாந்தம் கிளினிக்கில் குளிசை எடுப்பார். எங்கள் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் குளிசையைச் சின்னக் கடதாசி உறைகளில் போட்டு, எத்தனை நேரம் எத்தனை என்று பேனையால் எழுதித் தருவார்கள். பிள்ளைகளால் திறக்க முடியாத மூடியெல்லாம் அதற்குக் கிடையாது. மாமி அந்த உறைகளை வெற்றிலை வட்டாவுக்குப் பக்கத்தில், பாயின் ஓரத்தில் வைத்திருப்பார். முழங்காலில் உட்கார்ந்து தொழ முடியாதவர். குனிந்து நிமிர்ந்து தேடாமல் கைக்கு எட்டவேண்டும். வட்டாவில் சீவல் பாக்கு. ஒரு துண்டு போதும், பிள்ளையின் தொண்டை அடைக்க. பாக்குவெட்டியும் அங்கேதான்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். மிட்வைப் வீட்டுக்கு வந்து மருந்துகளைப் பற்றிச் சொன்னபோது தலையாட்டியவனும் நான். முதல்நாள் இரவு அந்த உறைகளைத் தாண்டித்தான் படுக்கப் போனேன்.

மறுநாள் காலை மனைவி குசினியில் அப்பம் சுட்டுக்கொண்டிருந்தா. நான் விறாந்தையில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போய்ப் பார்த்தால் மகள் பாயில் குந்தி உறையைச் சப்பிக்கொண்டிருந்தாள். எழுத்து எச்சிலில் ஊறிப் போயிருந்தது. குளிசைகள் சிதறிக் கிடந்தன. எத்தனை இருந்தன என்று மாமிக்கு நினைவில்லை.

சீனிக் குளிசைகள் எல்லாம் ஒன்றல்ல. கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் வகைக் குளிசை ஒன்றே ஒன்று உள்ளே போனாலும் சின்னப் பிள்ளையின் இரத்தச் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். அதுவும் உடனே தெரியாது. மணித்தியாலங்கள் கழித்தும் இறங்கலாம். பிள்ளை சிரித்து விளையாடுகிறதே என்று வீட்டில் வைத்திருக்கக் கூடாது. எங்களை வார்டில் நிறுத்தினார்கள். இரவு முழுக்க விரலில் குத்திக் குத்திச் சீனி பார்த்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், இறங்கவில்லை. விழுங்கினாளா இல்லையா என்பது இன்றுவரை தெரியாது.

டொக்டர் கேட்டார், பிள்ளையோடு யார் இருந்தது என்று. நான் மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். வாயால் ஒன்றும் சொல்லவில்லை. பார்த்த பார்வையே போதுமாயிருந்தது. அவ தலை குனிந்துகொண்டா. வீட்டுக்கு வந்தால் சொந்தக்காரப் பெண்கள் வரிசையாக வந்தார்கள். எல்லாருக்கும் ஒரே கேள்வி: “உம்மாக்காரி நீ எங்க புள்ள பாத்துக்கு இருந்தாய்?” வாப்பாக்காரன் எங்கே என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எனக்கு அது வசதியாயிருந்தது. தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு நல்ல கதிரையில் இருந்தேன்.

மாமி யாரும் சொல்லாமலே குளிசைகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு அலுமாரிக்கு மேலே வைக்கச் சொன்னார். “மகன், ஒரு வார்த்த முந்தியே செல்லியிருக்கலாமே” என்றார். அதில் கோபமில்லை. ‘மாமி, புள்ள தவழுது, குளிசய உசரத்துல வைப்பமா?’ என்று கேட்டிருந்தால் அவர் நோவார் என்று நான்தான் நினைத்துக்கொண்டேன். தன் பேத்தியைவிடத் தன் மரியாதையைப் பெரிதாக நினைப்பவரென்று ஒரு நல்ல மனுசியை எடைபோட்டேன். அப்படி நினைத்தவன் நான். அப்படி இருந்தவனும் நான்.

மாமிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மனைவிக்குத் தெரியாது. முதல்நாள் இரவே நான் அந்த உறைகளைக் கண்டேன் என்று அவவிடம் இன்னும் சொல்லவில்லை. பிள்ளை கொஞ்சம் இருமினாலும் தன் கவனக்குறைவோ என்று அவ இப்போதும் பயப்படுகிறா. இது அச்சில் வருவதற்கு முன் அவவிடம் சொல்லியாக வேண்டும். அவவைக் கேள்வி கேட்ட அந்தப் பெண்கள் எல்லாரும் இருக்கும்போது சொல்ல வேண்டும்.