எழுபது வளைவுக்கு மேலே

காரவள்ளி அடிவாரம் தாண்டியதும் கண்டக்டர் பையை மூடிக்கொண்டு, "ஜன்னலோரம் வேணும்னா இப்பவே மாறிக்குங்க, அப்புறம் மேல போயிச் சொல்லாதீங்க" என்றார். யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் பின்சீட்டிலிருந்து இரண்டு பேர் எழுந்து மாறினார்கள். கொல்லிமலைச் சாலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை உண்டு. முதல் பத்தைப் பிள்ளைகள் கூச்சல் போட்டு எண்ணினார்கள். இருபதில் குரல் இறங்கியது. நாற்பதுக்கு மேல் என்ஜின் சத்தத்தைத் தவிர வேறு பேச்சில்லை. எழுபதாவது பலகையைக் கடந்தபோது பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள், மீதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள்.

கொல்லிமலைக்குப் போய்வந்தவர்கள் பெரும்பாலும் இந்த எழுபதைத்தான் பேசுவார்கள். எனக்கு அது குறையாகவே படும். ஏறிய பாதையைச் சொல்லிவிட்டு ஊரை விட்டுவிடுகிறார்களே! மேலே போனால் சிகரம் எதுவும் காத்திருக்காது. வயலும் மேடும் ஓடையுமாக, கடல்மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கும் 1,300 மீட்டருக்கும் இடையே விரிந்து கிடக்கிறது ஒரு தனி நாடு. நாடு என்பது உவமை இல்லை. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, சேலூர் நாடு என்று மலை முழுக்க நாடுகளாகத்தான் பிரிந்திருக்கிறது. கீழே ஊராட்சி என்று சொல்வதற்கு இங்கே இந்தப் பெயர்கள்தான். பழைய தமிழ்நாட்டின் நிர்வாகச் சொல் ஒன்று, இறங்கி ஓட வழியில்லாமல் மலையிலேயே தங்கிவிட்டது போலிருக்கிறது.

இங்கே வாழும் பழங்குடியினரின் பெயர் மலையாளி. கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்தது, பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பிய அண்ணன் தம்பி மூவர் சேர்வராயன், கொல்லி, பச்சைமலை என்று ஆளுக்கொரு மலையாகப் பிரிந்து போனார்கள் என்பது அவர்களிடம் வழங்கும் கதை. வெள்ளைக்காரர்கள் ஏற்காட்டில் பங்களா கட்டினார்கள், காப்பித் தோட்டம் போட்டார்கள். கொல்லியின் மலைக்காய்ச்சலுக்குப் பயந்து இந்தப் பக்கம் அதிகம் வரவில்லை. ஏற்காட்டின் சாயல் இங்கே இல்லாமல் போனதற்குக் கொசுவுக்கும் ஒரு நன்றி சொல்லலாம்.

செம்மேட்டில் இறங்கினால் குதிரைமேல் வில்லோடு வல்வில் ஓரி நிற்கிறான். கடையெழு வள்ளல்களில் ஒருவன், இந்த மலைக்கு உரியவன். யானையைத் துளைத்து, புலியைத் துளைத்து, மான், பன்றி, உடும்பு வரை ஒரே அம்பு போனதாக வன்பரணர் புறநானூற்றில் பாடிய வேட்டைக்காரன் இவன்தான் என்பார்கள். உடும்பில் போய் அம்பு நின்றது என்கிற இடம் எனக்குப் பிடிக்கும். புளுகுவதென்றால் இன்னொரு யானையோடு முடித்திருக்கலாம். காட்டைப் பார்த்தவன்தான் கடைசியில் உடும்பை வைப்பான். அந்த ஓரியை மலையமான் திருமுடிக்காரி கொன்று மலையைச் சேரனுக்குக் கொடுத்தான். இன்றைக்கும் ஆடி 17, 18 இரண்டு நாளும் ஓரிக்கு அரசு விழா எடுக்கிறார்கள். மலையை வாங்கிக்கொண்ட சேரனுக்கு இங்கே சிலை எதுவும் நான் பார்க்கவில்லை.

சங்கப் பாட்டு இந்த மலையைப் பற்றி அடிக்கடி நினைத்துக்கொள்ளும் இன்னொன்று கொல்லிப்பாவை. காற்றும் மழையும் இடியும் நிலநடுக்கமும் வந்தாலும் கலையாத அழகுள்ள ஒரு பெண்ணுரு. அதை எட்டுக்கை அம்மன் என்று காட்டுகிறார்கள். மரங்களுக்கிடையே இருக்கும் அந்தக் கோயிலுக்கு நடந்து போவது கோயிலைவிட நன்றாக இருக்கும். மிளகுக்கொடி சுற்றிய சில்வர் ஓக் மரங்கள் இருபுறமும், காலடியில் சருகு, எங்கோ தண்ணீர் ஓடும் சத்தம்.

நடப்பதற்கென்றே வந்தவர்கள் நேரே பெரியகோவிலூருக்குப் போகலாம். அங்கே அறப்பளீஸ்வரர் கோயில். அப்பரும் சம்பந்தரும் பெயர் சொல்லிப் போற்றிய வைப்புத் தலம். சீர்காழி அருணாசலக் கவிராயரின் மகன் அம்பலவாணக் கவிராயர் பாடிய 'அறப்பளீசுர சதகம்' இந்தச் சாமியின்மேல்தான். கோயிலை ஒட்டி ஓடையில் மீன்கள் உண்டு. வெட்டிக் குழம்பு வைத்தும் பிழைத்து ஓடிய மீனின் வம்சம் என்று கதை சொல்வார்கள். யாரும் பிடிப்பதில்லை, பொரி போட்டால் கைக்கே வருகின்றன.

கோயிலிலிருந்து ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்குகின்றன. சீரான படிகள் என்று நினைத்துக்கொண்டு போனால் முழங்கால் பதில் சொல்லும். ஒன்று அரை அடி உயரம் என்றால் அடுத்தது ஒன்றரை அடி. கைப்பிடிக் கம்பி சில இடத்தில் உண்டு, சில இடத்தில் இல்லை. பாதி வழியில் அருவியின் சத்தம் கேட்கத் தொடங்கும், அருவி மட்டும் கண்ணுக்குப் படாது. கடைசித் திருப்பத்தில் திடீரென்று முகத்தில் சாரல் அடிக்கும். ஐயாறு அங்கே பாறையை விட்டு ஒரே குதியாகக் குதிக்கிறது. அருகில் நின்றால் தலையில் விழுவது தண்ணீரா கல்லா என்று தெரியாது. மழை பலத்தால் படிக்கட்டையே மூடிவிடுவார்கள். அந்தச் சமயத்தில் காவலரிடம் வாதாட வேண்டாம், அவர் சொல்வதுதான் சரி. சிறிய கூட்டம் போதும் என்பவர்களுக்கு மாசிலா அருவி இருக்கிறது, குடும்பத்தோடு போய்க் குளித்துவிட்டு ஈரத்துணியோடு வந்துவிடலாம். வாசலூர்பட்டியில் படகு விடுகிறார்கள். நான் ஏறியதில்லை.

மலை எப்போதும் கீழே எதையாவது அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. சோளக்காட்டுச் சந்தையில் நின்றால் அது தெரியும். வைகாசியில் பலாப்பழம் மலையாய்க் குவிந்திருக்கும். அன்னாசி, மலைவாழை, காப்பிக்கொட்டை, மிளகு எல்லாம் லாரியேறும். ஆனால் லாரிகள் இறக்கிய இன்னொரு சரக்கு பழம் இல்லை, மண். மலைமுகடுகளில் சார்னோகைட் பாறை பல யுகங்களாக மழையில் கரைந்து மிச்சம் வைத்தது பாக்சைட். 1965இல் மேட்டூரில் தொடங்கிய அலுமினிய ஆலை அதை வெட்டி எடுத்துப் போனது. ஒரு டன் அலுமினியம் வேண்டுமென்றால் சுமார் நான்கு டன் பாக்சைட் வேண்டும். நம் வீட்டு அலுமினியச் சட்டியில் இந்த மலையின் முகடு கொஞ்சம் இருக்கக்கூடும். 2008இல் வெட்டுவது நின்றது, ஆலையின் உருக்கும் நின்றது. மேட்டூரில் ஒரு தொழில் ஓய்ந்தது. இங்கே சிவப்பாய் உரிந்த மேடுகள் புல் முளைக்கக் காத்துக்கொண்டிருந்தன.

மலையில் இன்னொரு மாற்றம் சத்தமில்லாமல் நடந்தது. முன்பெல்லாம் மலைச் சரிவில் சாமையும் தினையும் கேழ்வரகும்தான் பயிர். சேலம், ராசிபுரம், ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குக் குச்சிக்கிழங்கு வேண்டியிருந்தது. சாமையைக் குத்திப் புடைத்துச் சோறாக்கப் பெண்கள் அரைநாள் உழைக்க வேண்டும். கிழங்கைப் பிடுங்கி எடைபோட்டால் கையில் காசு. எது ஜெயிக்கும் என்று சொல்லவும் வேண்டுமா? எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இங்கே வேலை செய்கிறது. அவர்கள் விதை வங்கியோடு நிற்காமல் சாமை உமி நீக்கும் சிறிய அரவை எந்திரத்தையும் கிராமத்துக்குக் கொண்டுபோனது புத்திசாலித்தனம். மீட்க வேண்டியது விதையை மட்டுமல்ல, உலக்கை பிடித்த தோளையும்தான் என்று யாரோ சரியாகக் கண்டிருக்கிறார்கள். மூங்கிலில் பின்னி மண் பூசிய தானியக் குதிருக்குத் தொம்பை என்று பெயர். இப்போதும் சில வீட்டுத் திண்ணையில் இருக்கிறது, ஒன்றில் துணிமணி வைத்திருந்தார்கள்.

படியேறி மூச்சு வாங்கியவர்களைப் பிடிப்பதற்கென்றே கோயில் வாசலில் முடவாட்டுக்கால் சூப்புக் கடைகள். பாறையில் ஒட்டி வளரும் பெரணியின் கிழங்கு அது. மேலே பழுப்பு ரோமம், அசல் ஆட்டுக்கால். கடைக்கார அம்மா ஒன்றை எடுத்து, கத்தியின் முதுகால் ரோமத்தைச் சுரண்டினார். உள்ளே பச்சை. சின்னத் துண்டுகளாக நறுக்கி, மிளகும் சீரகமும் சின்ன வெங்காயமும் தட்டிப் போட்டுக் கொதிக்கவிட்டார்.

"முட்டிவலி நிக்குமாம்மா?" என்றேன்.

"ஒரு டம்ளர்ல நிக்காதுங்க. ஒரு கிலோ வாங்கிட்டுப் போயி தெனமும் வெச்சுக் குடிங்க" என்றார். வியாபாரமும் உண்மையும் அந்த ஒரு வாக்கியத்தில் சரிபாதியாக இருந்தன. கிழங்குக்கென்று ருசி இல்லை, மிளகுதான் பேசியது. அரைக் கிலோ வாங்கினேன்.

வந்த வழியே திரும்ப மனமில்லாதவர்களுக்கு முள்ளுக்குறிச்சிப் பக்கமும் சாலை இருக்கிறது, வளைவு குறைவு. கால் வலுவுள்ளவர்களுக்கு மூன்றாவது வழி ஒன்று உண்டு. ஐயாறு இறங்கும் காட்டுவழி, திருச்சி மாவட்டத்துப் புளியஞ்சோலைக்கு. சாலை வருவதற்கு முன் மலைக்காரர்களுக்கு இப்படிப் பல ஒற்றையடிப் பாதைகள் இருந்தன. உப்பும் துணியும் இவற்றில்தான் தலைச்சுமையாக ஏறின. ஆடிப்பெருக்குக்கு இந்த வழியாக நடந்தே அறப்பளீஸ்வரரைப் பார்க்க வருகிறவர்கள் இன்றும் உண்டு. மற்ற நாளில் வனத்துறையிடம் கேட்காமல் இறங்கக் கூடாது. கரடி இருக்கும் காடு.

நான் சுற்றிக்கொண்டு சாலை வழியாகத்தான் புளியஞ்சோலை போனேன். ஓடையில் துறையூர்க்காரர்கள் குடும்பம் குடும்பமாகக் குளித்துக்கொண்டிருந்தார்கள். கல்லை அடுக்கி அடுப்பு மூட்டிக் கறிக்குழம்பு வைத்திருந்தார்கள். காலை உரசிக்கொண்டு ஒரு மீன் போனது. ஒரு சிறுவன் துண்டை விரித்து அதைப் பிடிக்கப் பார்த்தான். அவனுடைய பாட்டி கரையிலிருந்து, "விடுடா, அது மேல கோயில் மீனு" என்று அதட்டினாள்.