108 நிமிடங்களும் ஒரு கடிதமும்

வானவெளிக்கு முதன்முதற் சென்ற மனிதர் யூரி ககாரின் என்பது பள்ளிச் சிறுவரும் அறிந்த செய்தி. ஆயின், அண்மையில் நம் இல்லத்திற்கு வந்திருந்த உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் எழுப்பிய வினா நம்மைச் சற்றே திகைக்கச் செய்தது. "அவர் அங்கே என்னதான் செய்தார்? கலத்தை ஏற்றியதும் இயந்திரம், இறக்கியதும் இயந்திரம். அவருக்கு முன்னரே நாய்களும் போய்வந்தனவே!" என்றார் அவர். குறும்பான வினாதான்; எனினும் புறக்கணிக்கத்தக்க வினாவன்று. அதற்கு விடை தேடப் புகுந்தே அவ்வீரரின் வரலாற்றை மீண்டும் ஒருமுறை புரட்டினோம்.

மாணவர் கூறியதில் உண்மை உண்டு. வொஸ்தொக் என்னும் அக்கலம் தானே இயங்குமாறு அமைக்கப்பட்டது. எடையற்ற நிலையில் மனிதனின் புத்தி பேதலித்துவிடுமோ என்று அக்கால மருத்துவர்கள் அஞ்சினர். எனவே கலத்தைக் கையால் இயக்கும் கருவிகளைப் பூட்டி வைத்தார்கள். பூட்டைத் திறக்கும் இலக்கம் 125. அதனை ஓர் உறையிலிட்டு, அவசரம் நேரின் பிரித்துப் பார்க்கும்படி கலத்தினுள்ளே வைத்தார்கள். புத்தி தெளிவாக இருந்தாலன்றி உறையைப் பிரித்து இலக்கத்தைப் படிக்க இயலாது என்பது அவர்கள் கணக்கு. இதில் ஒரு வேடிக்கை. புறப்படுமுன்னரே ஒருவருக்கு மேற்பட்டோர் ககாரினின் காதில் அவ்விலக்கத்தை இரகசியமாகச் சொல்லிவிட்டனராம்! விதிகளை வகுப்பவன் மனிதன். நண்பனின் உயிர் என்று வந்துவிட்டால் அவற்றை மீறுபவனும் அவனே.

சரி, அப்படியாயின் இம்மனிதரிடத்தில் என்ன இருந்தது? அதனை அறிய அவருடைய இளமையை நோக்கவேண்டும்.

1934ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் நாள், ருஷியாவின் சிமொலென்ஸ்க் பகுதியில், குளுஷினோ என்னும் சிற்றூரிற் பிறந்தவர் ககாரின். தந்தை தச்சர், தாய் கூட்டுப்பண்ணையிற் பால் கறந்தவர். நான்கு மக்களுள் யூரி மூன்றாமவர். 1941இல் ஜேர்மானியப் படை அவ்வூரைக் கைப்பற்றியது. வீட்டைப் படையினர் எடுத்துக்கொண்டனர். குடும்பத்தார் வீட்டின் பின்புறத்திற் குழி தோண்டி, மேலே மண்ணால் மூடி, அந்தப் பொந்திலே வாழ்ந்தார்கள். ஒரு நாள் இரு நாள் அன்று. ஏறத்தாழ 21 மாதங்கள். ருஷியப் பனிக்காலம் எத்தகையது என்பதை நம் போன்ற வெப்ப நாட்டார் எண்ணிப் பார்ப்பதும் அரிது. ஒரு சிப்பாய் இளையவன் பொரிஸைக் கழுத்துத் துணியாலேயே அப்பிள் மரத்திற் கட்டித் தொங்கவிட்டான். ஓடி வந்து மீட்டதனால் பிள்ளை பிழைத்தது. 1943இல் மூத்தவர் இருவரையும் வேலையாட்களாக ஜேர்மானியர் பிடித்துச் சென்றனர். அவர்கள் உயிரோடிருக்கின்றார்களா என்பதே வீட்டாருக்குத் தெரியவில்லை. யுத்தம் முடிந்த பின்னரே இருவரும் மீண்டனர்.

போரிலே சிறு பிராயத்தைக் கழித்தவர்களை நம் நாட்டிலும் நாம் நன்கறிவோம். அத்தகைய பிள்ளைகளுட் சிலர் வாழ்நாள் முழுவதும் பேச்சிழந்து போகின்றனர். சிலருக்கு முகத்திலே எப்பொழுதும் ஒரு புன்னகை. அந்தப் புன்னகையின் விலையை அயலார் அறிவதில்லை. ககாரினின் புன்னகை உலகப் புகழ் பெற்றது. அதனைப் படத்திற் காணுந்தோறும் நமக்கு அந்த மண்பொந்தே நினைவுக்கு வருகின்றது.

யுத்தத்தின் பின் அவர் மொஸ்கோவை அடுத்த லியூபெர்ட்சியில் வார்ப்புத் தொழில் பயின்றார். உருகிய இரும்பை அச்சில் ஊற்றும் கடுமையான தொழில். பின்னர் சராத்தொவ் நகரத் தொழில்நுட்பப் பள்ளியிற் கற்கும்போது அங்குள்ள விமானக் கழகத்திற் சேர்ந்து பறக்கப் பழகினார். குள்ளமானவர், உயரம் 157 சதமமீற்றர்தான். விமானத்தைத் தரையிறக்கும்போது எதிரே உள்ளது சரியாகத் தெரியாமல் இடர்ப்பட்டாராம். இருக்கையில் ஒரு மெத்தையை இட்டதும் குறை தீர்ந்தது. உயரமின்மை பின்னொரு நாள் நன்மையாயிற்று. வொஸ்தொக்கின் சிற்றறையில் நெடிய மனிதருக்கு இடமில்லை.

1961ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள், நம்மவர் சித்திரைப் புத்தாண்டுக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த வேளையில், மொஸ்கோ நேரம் காலை 9.07க்கு பைக்கனூரிலிருந்து அவருடைய றொக்கெற் கிளம்பியது. பயணம் 108 நிமிடங்கள். உலகை ஒரு முறை சுற்றினார். கஷாத்ஸ்க் நகரில் இருந்த தாய் தந்தையர் மகன் வானிலே இருப்பதை வானொலி சொல்லித்தான் அறிந்தார்கள். உத்தியோக காரியமாகத் தொலைதூரம் போவதாக மட்டுமே அவர் சொல்லியிருந்தார்.

மாணவரின் வினாவுக்கு விடை கிடைப்பது இறங்கும் வேளையிலேதான். வேகத்தைத் தணிக்கும் இயந்திரம் ஓய்ந்ததும், ககாரின் அமர்ந்திருந்த கோளம் பின்பகுதியிலிருந்து கழன்று தனியாக வேண்டும். அது கழலவில்லை. இரண்டும் பிணைந்தபடியே பம்பரமாகச் சுழன்றன. ஏறத்தாழப் பத்து நிமிடம் இந்நிலை. மற்றொருவர் அலறியிருப்பார். இவரோ, எப்படியும் தம் நாட்டெல்லைக்குள்ளேயே இறங்குவோம் என்று கணக்கிட்டு, கீழிருப்போரைக் கலங்கச் செய்வானேன் எனக் கருதி, எல்லாம் நலமே என்று செய்தி அனுப்பினார். காற்றின் வெம்மையால் பிணைப்புகள் எரிந்து அறுந்த பின்னரே கோளம் விடுபட்டது. கருவி ஒன்றையுந் தொடாமல் அமர்ந்திருத்தலும் ஒரு செயலே. அதை நாய்கள் செய்யவில்லை. அவற்றுக்கு நேரவிருப்பது இன்னதென்று தெரியாது. இவருக்குத் தெரியும்.

ஏழு கிலோமீற்றர் உயரத்தில் இருக்கையோடு வெளியே வீசப்பட்டு, பரசூட்டிலே வொல்கா நதியருகே ஒரு வயலில் இறங்கினார். எந்த இடம்? அவர் பறக்கப் பழகிய அதே சராத்தொவ் பகுதி! செம்மஞ்சள் உடையும் வெண்ணிறத் தலைக்கவசமுமாக வந்தவரைக் கண்டு அங்கிருந்த மூதாட்டியும் பேத்தியும் அஞ்சி விலகினர். தாமும் அவர்களைப் போன்ற சோவியத் மனிதரே என்று அவர் சொல்லித் தேற்ற வேண்டியதாயிற்று.

இங்கே நாம் ஒன்றை மறைக்கலாகாது. பறப்புச் சாதனைகளைப் பதியும் சர்வதேச நிறுவனத்தின் அக்கால விதிப்படி, விமானி தன் கலத்தோடு தரையிறங்க வேண்டும். ஆகவே பரசூட்டில் இறங்கிய செய்தியைச் சோவியத் அரசு பல ஆண்டுகள் மறைத்தது. கேள்வி கேட்ட பத்திரிகையாளருக்கு ககாரினும் உண்மையைச் சொல்லவில்லை. அவ்விதி அற்பமானது, அதற்காக ஒரு நேர்மையான மனிதனைப் பொய்யனாக்கியது அதனினும் அற்பமானது என்பது நம் கருத்து. மாறாக, வானிலே கடவுளைக் காணவில்லை என்று அவர் சொன்னதாக உலகெங்கும் பரவிய கூற்றோ அவருடைய பேச்சுப் பதிவுகளில் எங்கும் இல்லை.

பின்னர் உலகம் அவரைப் பங்கு போட்டுக்கொண்டது. 1961 ஜூலையில் மன்செஸ்ரர் நகருக்கு வார்ப்புத் தொழிலாளர் சங்கத்தின் விருந்தினராகப் போனார். அன்று கடும் மழை. மக்கள் நனைந்துகொண்டு நிற்கையில் தாம் மூடிய வண்டியிற் போவது தகாதென்று திறந்த வண்டியிலேயே நனைந்தபடி சென்றார். அவ்வாண்டு டிசம்பரில் இலங்கைக்கும் வந்தார். பேராதனைப் பூந்தோட்டத்தில் மரம் ஒன்று நட்டார். அதே காலத்தில், அவருடைய கலத்தை உருவாக்கிய தலைமைப் பொறியியலாளர் செர்கேய் கொரொலியொவின் பெயரை உலகம் அறியாது. 1966 ஜனவரியில் அவர் இறந்த பின்னரே அது வெளிவந்தது.

புகழும் ஒரு சிறைதான். ககாரின் மீண்டும் வானவெளிக்குச் செல்லத் துடித்தார். 1967 ஏப்ரலில் சொயூஸ் 1 என்னும் கலத்தில் சென்ற நண்பர் கொமரொவ், பரசூட் விரியாமல் மாண்டார். அப்பயணத்துக்கு மாற்று வீரராக இருந்தவர் ககாரினே. அதன்பின், நாட்டின் செல்வமாகிய இவரை இழக்க ஒண்ணாது என்று அரசு தடை விதித்தது. விமானம் ஓட்டவேனும் விடுங்கள் என்று வாதாடிப் பெற்றார். 1968 மார்ச் 27ஆம் நாள், பயிற்சிப் பறப்பொன்றில், தம் பயிற்றுநர் செரியோகினுடன் மிக் விமானம் தரையில் மோதி மாண்டார். வயது 34. அடுத்த ஆண்டு ஜூலையில் சந்திரனில் இறங்கிய அமெரிக்கர், ககாரினுடையதும் கொமரொவினுடையதுமான பதக்கங்களை அங்கே விட்டு வந்தனர்.

அவர் மறைந்த பின்னர் மனைவி வலந்தீனாவின் கையில் ஒரு கடிதம் சேர்ந்தது. 1961 ஏப்ரல் 10ஆம் நாள், புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னே எழுதியது. இயந்திரத்தில் தமக்கு முழு நம்பிக்கை உண்டென்றும், ஆயினும் சமதரையில் நடப்பவனும் விழுந்து மாய்வதுண்டென்றும் அதில் எழுதியிருந்தார். பெண் குழந்தைகள் இருவரையும் சொகுசாக வளர்க்காமல், வாழ்வின் மேடுபள்ளங்களுக்கு அஞ்சாதவர்களாக வளர்க்கும்படியும், தம் பெற்றோரை மறவாதிருக்கும்படியும் கேட்டிருந்தார். இளைய மகள் பிறந்து அப்போது ஐந்து வாரமும் நிறையவில்லை. மறுமணம் பற்றி அவள் மனச்சாட்சியே முடிவு செய்யட்டும் என்றும் சொல்லியிருந்தார்.

வலந்தீனா மறுமணம் செய்யவில்லை. வானவெளி வீரர்களின் குடியிருப்பிலேயே, கூட்டங்களைத் தவிர்த்து, பத்திரிகையாளருடன் அதிகம் பேசாமல் வாழ்ந்து, 2020 மார்ச்சில் காலமானார்.