மூத்தவனுக்கு வீடு, இளையவனுக்கு மடம், மகளுக்கு?

இமயமலையின் ஸ்பிட்டி பள்ளத்தாக்கில் உலகத்தை விட்டு ஒதுங்கி வாழ்வதில் லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. ஆனால் இரண்டும் ஒரே ஆளின் கணக்கில் வருவதில்லை.

செப்டம்பர் மாதத்துக் காலை. தட்டையான மண் கூரையின் மேல் நின்று ஒரு பெண் விறகு அடுக்குகிறார். கூரை விளிம்பைச் சுற்றிலும் முட்செடிக் கட்டுகள். அவற்றை ஒட்டிக் காய்ந்த வறட்டிகள். வைக்கோற்போர் வைப்பவர்களின் கைநேர்த்தி அதில் தெரிகிறது. பார்க்க அழகாக இருக்கிறது என்று சொன்னதும் சிரிக்கிறார். "அழகுக்காக இல்லை. இனி ஆறு மாதத்துக்கு இதுதான். எண்ணித்தான் வைத்திருக்கிறேன்."

இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிட்டி பள்ளத்தாக்கில், கிப்பர் கிராமத்துக்கு அருகில் உள்ள சிற்றூர் இது. உயரம் ஏறக்குறைய 14,000 அடி. தன் பெயரை எழுத வேண்டாம் என்று வீட்டுக்காரி கேட்டுக்கொண்டதால் ஊர்ப் பெயரையும் விட்டுவிடலாம். நாற்பது வீடுகள்கூட இல்லாத இடத்தில் ஊரைச் சொன்னால் ஆளைச் சொன்ன மாதிரிதான்.

லாஹோல்-ஸ்பிட்டி, பரப்பளவில் இமாசலத்தின் மிகப் பெரிய மாவட்டம். 13,800 சதுர கிலோமீட்டருக்கும் அதிகம். ஆனால் 2011-ம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 31,564 மட்டுமே. அதாவது சதுர கிலோமீட்டருக்கு இரண்டு பேர். அதே கணக்கெடுப்பில் நாட்டின் சராசரி 382.

ஸ்பிட்டிக்குள் நுழைய இரண்டு சாலைகள் உண்டு. ஒன்று மணாலியிலிருந்து, கிட்டத்தட்ட 15,000 அடி உயரத்தில் இருக்கும் குன்சும் கணவாய் வழியாக வருகிறது. பனிக்காலம் வந்ததும் அது மூடிக்கொள்ளும். 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட அடல் சுரங்கப்பாதை ரோதங் கணவாயின் தொல்லையைத் தீர்த்து லாஹோல் மக்களுக்கு வழிவிட்டது. ஆனால் ஸ்பிட்டிக்கு இன்னும் குன்சும் குறுக்கே நிற்கிறது. இன்னொரு சாலை ஷிம்லாவிலிருந்து கின்னோர் வழியாக 400 கிலோமீட்டருக்கு மேல் சுற்றி வருகிறது. பெயருக்கு அது ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் சாலை. பாறை சரியாத நாளில், பனி சரியாத நாளில்.

கோடையில் வருகிறவர்களுக்கு இதெல்லாம் தெரிய வேண்டியதில்லை. 1990களின் தொடக்கம் வரை வெளிநாட்டவருக்குத் திறக்கப்படாமல் இருந்த பள்ளத்தாக்கு இது. இன்று ஜூன் மாதம் முதல் டாக்சிகள் வரிசையாக ஏறுகின்றன. 1983 முதல் இயங்கும் ஹிக்கிம் தபால் நிலையத்தில் நின்று ஊருக்கு அஞ்சலட்டை போடுகிறார்கள். கி.பி. 996-ல் நிறுவப்பட்ட தாபோ மடத்தின் சுவரோவியங்களைப் பார்க்கிறார்கள். சீச்சம் பாலத்தின் நடுவில் நின்று கீழே கிடக்கும் அதலபாதாளத்தைப் படம் எடுக்கிறார்கள். 2017-ல் அந்தப் பாலம் திறக்கப்படும்வரை சீச்சம் மக்கள் அதே பாதாளத்தின் மேல், கம்பியில் தொங்கும் கூடையில் உட்கார்ந்து கயிற்றை இழுத்து அக்கரை போனார்கள்.

வீட்டுக்காரி இரண்டு அறைகளை விருந்தினருக்கு விடுகிறார். அங்கே வைத்திருக்கும் நோட்டுப் புத்தகத்தில் தில்லிக்காரர்களும் பெங்களூர்க்காரர்களும் எழுதிவைத்திருப்பது ஏறக்குறைய ஒரே வாக்கியம்தான்: இதுதான் சொர்க்கம், இவர்கள்தான் கொடுத்துவைத்தவர்கள்.

அதில் உண்மை இல்லாமல் இல்லை. இங்கே எந்த வீடும் தனியாக எதையும் செய்வதில்லை. ஊர் ஆடுமாடுகளை வீட்டுக்கு வீடு முறை வைத்து மேய்க்கிறார்கள். ஒருவர் வீட்டுக்குக் கூரை போட எல்லாரும் மண் சுமக்கிறார்கள். வசந்தத்தில் பனியாற்று நீர் இறங்கும் வாய்க்காலைத் தூர்வார வீட்டுக்கு ஓர் ஆள் வந்தாக வேண்டும். தமிழகத்தில் ஓர் அரசுத் திட்டத்தின் பெயராக நினைவில் நிற்கும் குடிமராமத்து இங்கே ஏப்ரல், மே மாதத்து வேலை. சாவு வீட்டில் அடுப்பு எரிப்பது அக்கம்பக்கத்தார் பொறுப்பு. கதவுக்குப் பூட்டுப் போடுகிறவர்கள் பெரும்பாலும் விருந்தினர்கள்தான்.

இந்தக் கட்டுக்கோப்பு வெறும் பழைய பெருமையும் அல்ல. 1990களின் இறுதியில் மைசூரைச் சேர்ந்த இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை, மேய்ச்சல் நிலத்தில் ஒரு பகுதியைக் காட்டாடுகளுக்காக விட்டுத்தர முடியுமா என்று கிப்பர் மக்களைக் கேட்டது. ஊர் கூடிப் பேசி விட்டுக்கொடுத்தது. அங்கே காட்டாடுகள் பெருகின. பனிச்சிறுத்தை அடிக்கும் கால்நடைகளுக்கு ஊரே நிர்வகிக்கும் காப்பீட்டுத் திட்டமும் 2002-ல் வந்தது. ஒரு காலத்தில் ஆட்டைத் தின்னும் எதிரியாக இருந்த பனிச்சிறுத்தையைப் படம் எடுக்க இன்று பிப்ரவரிக் குளிரில் ஆள் வருகிறது. அந்த வருமானமும் ஊருக்குள்தான் தங்குகிறது. தனித்தனியாகப் பட்டா வைத்துக்கொண்டு பேசும் ஊராக இருந்திருந்தால் இந்த ஒப்பந்தம் நடந்திருக்குமா என்பது சந்தேகம்.

ஆனால் இந்த ஒற்றுமைக்கு விலை உண்டு. அதைக் கொடுப்பது எல்லாரும் அல்ல.

மழை மேகம் எட்டாத இந்தப் பாலைநிலத்தில் பனியாற்று வாய்க்கால் எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவுதான் வயல். வருடத்தில் ஒரே போகம். பார்லியும் பட்டாணியும். இருக்கும் நிலத்தைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக்கொண்டே போனால் இரண்டே தலைமுறையில் எவருக்கும் சோறு இருக்காது. இதை எப்போதோ புரிந்துகொண்ட முன்னோர்கள் ஒரு வழி செய்தார்கள். வீடும் வயலும் மூத்த மகனுக்கு. அவனுக்குத் திருமணம் ஆனதும் பெற்றோர் பெரிய வீட்டைக் கொடுத்துவிட்டு அருகிலுள்ள சின்ன வீட்டுக்குப் போய்விடுவார்கள். இளைய மகன்களுக்கு மடம். நிலமும் தண்ணீர் உரிமையும் பழைய வீடுகளோடு ஒட்டியவை. மற்றவர்கள் முறைக்குக் காத்திருக்க வேண்டும்.

சிக்கனமான ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. தலைமுறை தலைமுறையாக நிலம் துண்டாகவில்லை. ஊர் பட்டினியால் கலையவில்லை. ஆனால் அந்த நோட்டுப் புத்தகத்தில் எழுதியவர்கள் பார்த்தது மூத்த மகனின் வீட்டை.

அதே வீட்டில் சமையலறை மூலையில் இன்னொருவர் இருக்கிறார். வீட்டுக்காரரின் அக்கா. ஐம்பதைத் தாண்டியவர். தலையை மழித்தவர். திருமணமாகாத பெண்கள் துறவு பூணும் வழக்கப்படி அவரும் சின்ன வயதில் துறவியானார். ஆனால் மடத்தில் அல்ல, வீட்டிலேயே. காலையில் மந்திரம், பிறகு வயல், மாடு, வறட்டி, தண்ணீர். முதலில் பெற்றோரின் வீட்டில் உழைத்தார். இப்போது தம்பியின் வீட்டில் உழைக்கிறார். இரண்டும் ஒரே வீடு. அவருக்குக் குறை ஏதாவது உண்டா என்று கேட்டேன். சற்று யோசித்தார். "யாரும் என்னைக் கடிந்து பேசியதில்லை. பசித்ததில்லை. ஆனால் இந்த வீட்டில் என்னுடையது என்று இருப்பது என் தேநீர்க் கிண்ணம்தான்." மனக்கசப்போடு சொல்லவில்லை. கணக்குச் சொல்வது போலச் சொன்னார்.

சட்டமும் அவர் பக்கம் இல்லை. 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம், மத்திய அரசு தனியாக அறிவிக்கை வெளியிட்டால் ஒழியப் பழங்குடியினருக்குப் பொருந்தாது. ஸ்பிட்டி மக்கள் பழங்குடிப் பட்டியலில் இருப்பவர்கள். எனவே வழக்காறே சட்டம். பழங்குடிப் பகுதி மகள்களுக்கும் அந்தச் சட்டப்படி பங்கு உண்டு என்று 2015-ல் இமாசல உயர் நீதிமன்றம் சொன்னபோது பெண்கள் சிலர் நம்பிக்கை கொண்டார்கள். 2025-ல் உச்ச நீதிமன்றம் அந்தப் பகுதியைத் தீர்ப்பிலிருந்து நீக்கிவிட்டது.

வீட்டுக்காரிக்கு இரண்டு பிள்ளைகள். மகனுக்கு 17 வயது. வீடு அவனுக்கு. மகளுக்கு ஒன்பது வயது. இருவருக்கும் முன்னால் ஒன்று பிறந்தது. அதைப் பற்றி அவராகவேதான் சொன்னார், இரண்டாம் நாள் இரவு, அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு.

பிப்ரவரியில் வலி எடுத்தது. நாள் முந்திவிட்டது. மூன்று நாளாகப் பனி. கீழே காஸாவுக்குப் போகும் சாலை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. விஷயம் தெரிந்ததும் ஊரில் இருந்த ஆண்கள் அத்தனை பேரும் மண்வெட்டியோடு கிளம்பினார்கள். அவர் கணவருடன் பேச்சுவார்த்தை இல்லாதவர்கூட வந்தார். விடிய விடியப் பனியை வெட்டினார்கள். "காஸா வரை வெட்ட முடியுமா?" என்று கேட்கிறார். குழந்தை மறுநாள் இறந்துவிட்டது. "அந்த ராத்திரி வந்த யாரையும் நான் மறக்க மாட்டேன். அதனால்தான் இந்த ஊரை விட்டுப் போகவும் மனம் வரவில்லை. அந்த ராத்திரியை மறக்க முடியவில்லை. அதனால்தான் மகளை இங்கே வைத்துக்கொள்ளவும் மனம் வரவில்லை."

அடுத்த இரண்டு பிரசவங்களுக்கும் பனி விழும் முன்பே ராம்பூருக்குப் போய் அறை எடுத்துத் தங்கினார். மாடுகளை விட்டுவிட்டு வர முடியாத கணவர் மகளை முதன்முதலில் பார்த்தபோது அவளுக்கு மூன்று மாதம். வசதி உள்ளவர்கள் செய்வது இதுதான். இல்லாதவர்கள் காஸாவை நம்புகிறார்கள். நிலைமை மிஞ்சினால் ஹெலிகாப்டரை எதிர்பார்க்கிறார்கள். அதற்கும் வானம் தெளிய வேண்டும்.

மகள் இப்போது ஷிம்லாவில், விடுதியில் தங்கிப் படிக்கிறாள். ஏழு வயதில் அனுப்பினார்கள். செலவுக்குப் பட்டாணி இருக்கிறது. சமவெளியில் பச்சைப் பட்டாணி இல்லாத ஆகஸ்டு, செப்டம்பரில் ஸ்பிட்டிப் பட்டாணி லாரி ஏறுவதால் நல்ல விலை. ஒரு தலைமுறைக்கு முன் பணத்தையே அதிகம் பார்க்காத வீடுகளில் பள்ளிக் கட்டணம் கட்டும் வலு வந்திருப்பது பட்டாணியால்தான். பெரும்பாலான வீடுகளில் இப்போது இதுதான் நிலை. இளைய மகன்கள் மடத்துக்குப் போவது குறைந்து பள்ளிக்கும் வேலைக்கும் போகிறார்கள். பிறகு அவர்கள் நிலத்தில் பங்கு கேட்பார்களா என்ற பேச்சு ஊரில் தொடங்கியிருக்கிறது. பட்டாணி பறிக்க நேபாளத் தொழிலாளிகள் வருகிறார்கள். "முன்பெல்லாம் பறிப்புக்கு ஊரே வரும். இப்போது கூலி கொடுத்தால் போதும்" என்கிறார் சின்ன வீட்டிலிருக்கும் மாமனார். அவர் குரலில் இருப்பது நிம்மதியா வருத்தமா என்று தெரியவில்லை.

இதே ஸ்பிட்டியில் உள்ள கியூ கிராமத்துக்கு 2024 ஏப்ரலில்தான் கைபேசி இணைப்பு வந்தது. பிரதமரே ஊர்க்காரர்களுடன் பேசினார். இன்னும் சில ஆண்டுகளில் ஒதுங்கிய ஊர் என்று எதையும் சொல்ல முடியாமல் போகலாம். அப்போது ஊர் ஒற்றுமை போய்விடும் என்று சமவெளியிலிருந்து வருகிறவர்கள் கவலைப்படுகிறார்கள். போகத்தான் செய்யும், ஓரளவுக்கு. சாலையை ஊர் வெட்டித் திறக்க வேண்டிய அவசியம் இருந்ததால்தான் ஊர் சேர்ந்து நின்றது. அரசாங்கத்தின் எந்திரம் வந்து வெட்டினால் பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து வர வேண்டியதில்லை. எழுந்து வந்த பக்கத்து வீட்டுக்காரரா, நேரத்துக்கு வந்த எந்திரமா என்று அந்தத் தாயைக் கேட்டால் அவர் பதில் தேட மாட்டார்.

எனவே ஒதுங்கிய ஊரின் வாழ்க்கை நல்லதா கெட்டதா என்ற கேள்வியையே கொஞ்சம் திருத்திக் கேட்க வேண்டும். யாருக்கு? மூத்த மகனுக்கு இது நிலம், வீடு, ஊரில் சொல்லுக்கு மதிப்பு. அவனுக்குப் பனி மட்டும்தான் எதிரி. மடத்துக்குப் போன தம்பிக்கு வேறு வாழ்க்கை இருந்தது. அதைத் தேர்ந்தெடுக்கும் வயது மட்டும் இல்லை. அக்காவுக்கு ஒரு தேநீர்க் கிண்ணம். மகளுக்குப் பள்ளிக்கூடம்தான் சொத்து. அவள் வீட்டை விட்டுப் போனால்தான் அதுவும் கிடைக்கும்.

ஷிம்லா போன்ற மலைப்பகுதிப் பள்ளிகளுக்கு நீண்ட விடுமுறை பனிக்காலத்தில்தான் வருகிறது. வீட்டுக்கு வர வழி மிகக் கடினமாக இருக்கும் நாட்கள் அவை. போன ஜனவரியில் கின்னோர் சாலை அடைபட்டதால் மகள் ராம்பூரில் உறவினர் வீட்டிலேயே விடுமுறையைக் கழித்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

கிளம்பும் நாளில் கூரை மேல் விறகு அடுக்கி முடிந்திருந்தது. ஓரத்தில் மட்டும் ஒரு வரிசை தனியாக இருந்தது. அது எதற்கு என்று கேட்டேன்.

"ஜனவரியில் அவள் வந்தால் இன்னொரு அறையிலும் அடுப்பு எரிய வேண்டும்" என்றார். "போன வருஷம் வைத்தது அப்படியே மிஞ்சிவிட்டது. இந்த வருஷமும் வைத்திருக்கிறேன்."