எங்கும் கிடைக்காத பாட்டு

அம்மாடி, இந்தக் கேசட்டுகளையெல்லாம் கிளவுடில் ஏற்றிவிட்டுப் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக ஏற்று. தூக்கிப் போடுவதைப் பற்றித்தான் கொஞ்சம் பேச வேண்டும்.

மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் நான் ரெக்கார்டிங் கடை வைத்திருந்த காலத்தில், ஜனங்கள் பாட்டுப் பட்டியலை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வருவார்கள். இசைத்தட்டிலிருந்து 60 நிமிடக் கேசட்டில், ஏ பக்கம் பி பக்கம் பார்த்துப் பதிந்து கொடுப்பேன். அந்த நாடாக்களில் பாதிக்கு மேல் இந்நேரம் பூஞ்சை பிடித்துப் போயிருக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சைதாப்பேட்டையில் தரைத்தளத்தில் இருந்த என் சிநேகிதருக்குக் கேசட்டும் போயிற்று. அதையெல்லாம் அக்கறையாக மாற்றி வைத்திருந்த ஹார்டுடிஸ்கும் அதே அலமாரியில் இருந்ததால் கூடவே போயிற்று. வெளியூர் கம்ப்யூட்டர் ஒன்றில் ஒரு பிரதி இருந்திருந்தால் அவருடைய சேகரிப்பு தப்பியிருக்கும். அந்த வகையில் கிளவுடைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் கிளவுட் சேவைகளின் ஆயுளையும் பார். கூகுள் பிளே மியூசிக், நம் சொந்தப் பாட்டு 50,000 வரை இலவசமாக ஏற்றிக்கொள்ள விட்டது. 2020 கடைசியில் அதை மூடினார்கள். யூடியூப் மியூசிக்குக்கு மாற்றிக்கொள்ள வழி கொடுத்தார்கள். மாற்றாதவர்களின் பாட்டு 2021இல் அழிந்தது. அமேசானும் வருடக் கட்டணம் வாங்கிக்கொண்டு இரண்டரை லட்சம் பாட்டு வரை வைத்துக்கொண்டிருந்தது. 2019இல் அந்தச் சேவை நின்றது. இவர்களாவது சொல்லிவிட்டு மூடினார்கள். மைஸ்பேஸ் என்ற தளத்தில், பழைய சர்வரிலிருந்து மாற்றும்போது 2015க்கு முன் ஏற்றிய பாட்டெல்லாம் போய்விட்டது. 5 கோடிப் பாட்டு இருக்கும் என்று 2019இல் செய்தி வந்தது. அதில் ஏற்றியவர்களில் பலர் தாங்களே பாடி, தாங்களே வாசித்தவர்கள்.

இன்னொரு சங்கதி. சில சேவைகள் நீ ஏற்றுவதை அப்படியே வைத்துக்கொள்வதில்லை. தங்களிடம் அதே பாட்டு இருந்தால், உன் பிரதிக்குப் பதிலாகத் தங்கள் பிரதியைக் கொடுக்கும். ஆப்பிளின் ஐடியூன்ஸ் மேட்ச் அந்த வகை. தேய்ந்த கேசட்டுக்குப் பதில் சுத்தமான ஒலி கிடைத்தால் லாபம்தான். ஆனால் பொருத்தம் எப்போதும் சரியாக அமையும் என்று சொல்ல முடியாது. மேடையில் பாடியதற்குப் பதில் ஸ்டூடியோவில் பாடியது வந்து நிற்கலாம். அசலை அழித்திருந்தால் அவ்வளவுதான். ‘சிங்க்’ என்கிறீர்களே, அதிலும் ஜாக்கிரதை: போனில் ஒன்றை அழித்தால் கிளவுடில் இருப்பதும் அழியும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில் 30 நாள்தான் கிடக்கும்.

இளையராஜா பாட்டு தொலைந்தால் நான் கவலைப்பட மாட்டேன். பத்து இடத்தில் கிடைக்கும். விங்க் என்ற பாட்டுச் செயலியை மூடிவிட்டார்கள் என்றாலும் வேறொன்றில் கேட்டுக்கொள்ளலாம். உன் கொள்ளுப்பாட்டி பாடிய நடவுப் பாட்டு அப்படியா? அவரைச் சமையலறையில் உட்காரவைத்துப் பதிந்தேன். நடுவில் குக்கர் விசில் அடிக்கும், அவர் நிறுத்திவிட்டு, “அடுப்பைத் தணி” என்று யாரையோ அதட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். சோழவந்தான் திருவிழாவில் விடியற்காலையில் ஒரு நாதஸ்வரக்காரர் வாசித்ததும் இந்தப் பெட்டியில்தான் இருக்கிறது. இசைத்தட்டில் அவர் பேர் எங்கும் கிடையாது. கடையில் வாங்கிய கேசட்டுகளை யாருக்கு வேண்டுமானாலும் கொடு; கையால் பேர் எழுதியவற்றை மட்டும் வைத்துக்கொள்.

அவற்றை மாற்றும்போது எம்.பி.3 வேண்டாம், அதில் ஒலியைக் கொஞ்சம் வெட்டிவிடுவார்கள். சி.டி. தரத்தில் ‘வேவ்’ ஆக வைத்தால் ஒரு 60 நிமிடக் கேசட்டுக்கு 600 எம்.பி.க்கு மேல் வரும். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜி.பி.யில் இருபத்து மூன்று கேசட்டோடு இடம் தீர்ந்துவிடும். உன் மின்னஞ்சலும் படங்களும்கூட அதே இடத்தைத்தான் பங்குபோடும். ‘ஃபிளாக்’ ஆக மாற்றினால் ஏறக்குறையப் பாதி இடம் போதும், ஒலி ஒரு துளியும் குறையாது. கிளவுடில் ஒன்று, உன் வீட்டு ஹார்டுடிஸ்கில் ஒன்று, திருநெல்வேலியில் சித்தப்பா வீட்டில் ஒன்று இருக்கட்டும். கோப்புக்கு ‘ஆடியோ 47’ என்று பேர் வைத்துத் தொலைக்காதே. யார் பாடியது, எந்த ஊர், எந்த வருஷம் என்று எழுது. தெரியாததை என்னிடம் இப்போதே கேள்.

இரண்டு வருஷம் தொடாத கணக்கை அழிக்கலாம் என்று கூகுள் விதி வைத்திருக்கிறது. நான் போன பிறகு என் கணக்கை யார் தொடப்போகிறார்கள்? கணக்கு சும்மா கிடந்தால் யாருக்குத் தகவல் அனுப்புவது, எதையெல்லாம் எடுத்துக்கொள்ள விடுவது என்று முன்கூட்டியே சொல்லிவைக்க ஓர் ஏற்பாடு அதிலேயே இருக்கிறது. அதில் உன் மின்னஞ்சலையும் கைபேசி எண்ணையும் கொடுத்திருக்கிறேன். அந்தக் கடிதம் வந்தால் ஏதோ மோசடி என்று நினைத்து அழித்துவிடாதே. நம்பரை மாற்றினால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடு.